நடுவில் வைத்த கருப்புக் காய்

சந்தமாலி கையை நீட்டியபோது நான் கும்பிட்டேன். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பேரும் கை குலுக்க வேண்டும் என்பது கேரமில் விதி. அம்பயராக உட்கார்ந்திருந்த எஸ்தர் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் ஊர் வழக்கம் இதுதான் என்பதுபோல ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தரத்தில் நின்ற கையை அந்தப் பெண் மெல்ல மடக்கி, தானும் கும்பிட்டாள். எனக்குக் காது சுட்டது. அவளுக்குப் பின்னால் முதல் வரிசையில் இருந்த அப்பா மட்டும் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

காலையிலேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். “கை குடுத்துக்கினு, இளிச்சிக்கினு நிக்காத. போனியா, ஜெயிச்சியா, வந்தியான்னு இரு.”

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டாயிரத்து ஒன்பதில் இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம் நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். மூன்று நாள் அப்பா தறியில் இறங்கவில்லை. டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தறிக்காரர் பஞ்சாட்சரம் அழுது தெருவில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. அந்த அழுகையை வைத்துக்கொண்டு அவர் இன்றுவரை என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறார். சந்தமாலி சிங்களப் பெண். போர் முடிந்தபோது அவளும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்திருப்பாள். இது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

தெற்காசிய மகளிர் கேரம் போட்டியைப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். இலங்கை அணி வருகிறது என்று வாசலில் கருப்பு பேட்ஜ் குத்திய பத்துப் பேர் நின்றார்கள். அவர்களைவிடப் போலீஸ் அதிகம். உள்ளே ஓர் அதிகாரி, விளையாட்டு நாடுகளை இணைக்கும் பாலம், உலக சமாதானத்தின் விதை என்று முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு இந்தப் பேச்சில் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. எதிரே இருப்பவளைத் தோற்கடிக்கத்தான் போகிறோம், இதில் சமாதானம் எங்கே வந்தது என்று கொட்டாவி விட்டேன். கோஷம் போட்டுக் களைத்தவர்கள் மதியத்துக்குள் பேட்ஜோடு உள்ளே வந்து பின்சுவரோரம் நின்றுவிட்டார்கள். கேரம் நடக்கும்போது எங்கள் ஊரில் வெளியே நிற்க யாராலும் முடியாது.

அரையிறுதி. ஆளுக்கொரு கேம் ஜெயித்து, மூன்றாவதில் கடைசி போர்டு. எடுப்பவள் இறுதிக்குப் போவாள். அவளுடைய ஆட்டம் சுத்தமான ஆட்டம். ஸ்ட்ரைக்கரை அடிக்க மாட்டாள், அனுப்பிவைப்பாள். ‘ரெட்’ என்கிற சிவப்புக் காயைப் போட்டு, அதை உறுதியாக்கும் கவர் காயையும் எடுத்துவிட்டாள். மிச்சம் அவளுக்கு ஒரே வெள்ளை, எனக்கு இரண்டு கருப்பு. முறை என்னுடையது. ஒரு கருப்பைக் கொஞ்சம் சாய்த்து அடிக்க வேண்டியிருந்தது. யோசித்தேன்.

யோசிக்கும்போதுதான் அது நடந்தது. நான் பாவு பிணைக்கிறவள். தறியில் நெடுக்காக ஓடும் பாவு ஒன்று முடிந்தால், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழையதின் முனையோடு சேர்த்து முறுக்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இழைகள். பட்டு வழுக்கும் என்பதால் பக்கத்தில் விபூதி வைத்துக்கொள்வோம். விரலால் தொடு, சுண்டி உதறு, முறுக்கு. பத்து வருடமாக என் கை இதைத்தான் செய்கிறது. ட்ராக் பேண்ட் பாக்கெட்டில், ஜெயித்து வா என்று அப்பா கொடுத்த ஏகாம்பரநாதர் கோயில் விபூதிப் பொட்டலம் இருந்தது. என்னைக் கேட்காமலே கை அங்கே போனது, தொட்டது, போர்டுக்கு மேலே வந்து சுண்டி உதறியது. அதன் பிறகு அடித்தேன். கருப்பு விழவில்லை.

அவளுடைய வெள்ளை நேர் கோட்டில், பச்சைப் பிள்ளைகூடப் போட்டுவிடும் இடத்தில் இருந்தது. அனுப்பினாள். நடுவில் போகும்போதே ஸ்ட்ரைக்கர் வேகம் இழந்தது. காய் தள்ளாடிப் போய் வலப்பக்க மூலைக் குழியின் வாயில் நின்றுகொண்டது. மண்டபம் அதிர்ந்தது. பின்சுவரில் யாரோ விசில் அடித்தார்கள். அப்பா எழுந்தே விட்டார்.

நான் என் விரலைப் பார்த்தேன். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் வழவழவென்று இருக்கும், விபூதி நறநறக்கும். என் விரல் நறநறத்தது. இரண்டும் வெள்ளை, யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு கருப்பும் இப்போது எனக்கு வாகாக நின்றன. இரண்டே அடி, இறுதிப் போட்டி. நான் வேண்டுமென்றா செய்தேன்? வாயை மூடிக்கொண்டு ஆடியிருந்தால் சாமிகூடக் கேட்டிருக்க மாட்டார், விபூதி அவருடையதுதானே.

ஆனால் சந்தமாலி தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தைத் தேய்த்தாள், மடக்கி நீட்டினாள், தப்பு அங்கேதான் இருக்கிறது என்பதுபோல. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. தோற்றவள் தன்னைத் திட்டிக்கொள்வது ஆட்டத்தில் சகஜம். செய்யாத தப்புக்கு ஒருத்தி தன் விரலைச் சந்தேகப்படுவதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது வேறு.

கையைத் தூக்கினேன். “அக்கா, ஃபவுல். எம்மேலதான்.”

எஸ்தர் அக்கா குனிந்து போர்டைத் தடவினாள். பக்கத்து ஊர் முசரவாக்கத்துக்காரி, பள்ளியில் பி.டி. டீச்சர். விதி என்று வந்தால் சொந்தத் தங்கையையும் வெளியே அனுப்புவாள். “இன்னாது இது?”

“விபூதி. பாவு புணைக்கிற கை, தன்னால உதறிடுச்சி.”

“ஏம்மா, யாராச்சும் உன்ன கேட்டாங்களா?” என்று அப்பா கத்தினார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, அவமானமா தெரியவில்லை. “சைலன்ஸ் ப்ளீஸ்” என்று அவரைப் பார்த்தே சொல்லிவிட்டு, எஸ்தர் அக்கா துணியால் போர்டைக் காய் அசையாமல் துடைத்தாள். பிறகு ஆங்கிலத்தில் சந்தமாலிக்கு விளக்கினாள். நான் உள்ளே போட்ட காயில் ஒன்றைச் சந்தமாலி வெளியே எடுத்து, நடு வட்டத்துக்குள் தனக்குப் பிடித்த இடத்தில் வைக்கலாம். அடுத்த அடி என்னுடையது.

உண்மையைச் சொன்னால், அவள் பரவாயில்லை என்று சொல்லிவிடுவாள் என்று மனதின் ஒரு மூலை எதிர்பார்த்தது. நான் இவ்வளவு நல்லவளாக நடந்துகொண்டேனே! அவள் சொல்லவில்லை. என் முகத்தை ஒரு முறை நேராகப் பார்த்தாள். கருப்புக் காயை எடுத்து, போர்டை அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை அளந்தாள். பிறகு வட்டத்தின் வலது விளிம்பில் வைத்து, சுட்டுவிரலால் அரை நூல் நகர்த்தி, கையை எடுத்துக்கொண்டாள்.

மற்ற இரண்டு கருப்பும் சுலபம், ஜெயிக்க இந்த மூன்றாவதைப் போட்டே ஆக வேண்டும். அங்கிருந்து அந்தக் காய்க்குச் சுலபமான வழி ஒன்றே ஒன்று, வலப்பக்க மூலை. அந்த வாயில்தான் அவளுடைய கடைசி வெள்ளை நிற்கிறது. என் காயை அங்கே அனுப்பினால் அவள் காயையும் சேர்த்துத் தள்ளும், நானே அவளை ஜெயிக்கவைத்தவள் ஆவேன். வேறு எங்கே போட வேண்டுமென்றாலும் காயின் ஓரத்தை முடியிழை கனத்துக்கு உரசி வெட்ட வேண்டும். ஈவு இரக்கமே இல்லாமல் வைத்திருந்தாள். இவ்வளவு மரியாதையை எனக்கு இதுவரை யாரும் செய்ததில்லை என்று தோன்றியது. கண் கலங்கிவிடுமோ என்றுகூடப் பயந்தேன்.

“அடிப்பாவி, எங்க வெச்சிக்கிறா பாரு!” பின்சுவரோரம் நின்ற கருப்பு பேட்ஜ் ஒன்று வாய்விட்டே சொன்னது. அது திட்டு இல்லை. கேரம் தெரிந்தவன் வயிறெரிந்து கொடுக்கும் பாராட்டு. நாற்காலிகள் கரகரத்தன. பின்வரிசைக்காரர்கள் முன்னால் வந்து குனிந்தார்கள். எஸ்தர் அக்கா கையைக் காட்டி அவர்களைத் தரையில் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாள்.

நான் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தேன், நகர்த்தினேன், மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். ஜெயிக்க வேண்டும் என்று இத்தனை ஆசை எனக்கு எந்த ஆட்டத்திலும் வந்ததில்லை. நிமிர்ந்தபோது அப்பா தெரிந்தார். நாற்காலியின் நுனிக்கு வந்து, கழுத்தை இடமும் வலமும் நீட்டி, நடுவில் வைத்த அந்தக் கருப்பைப் பார்க்கத் தவித்துக்கொண்டிருந்தார். சந்தமாலியின் தோள் மறைத்தது. அவர் மூச்சு பிடரியில் பட்டதோ என்னவோ, அவள் லேசாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை அசைக்காமல், உடம்பை மட்டும் இடப்பக்கம் சாய்த்து வழி விட்டாள்.

அப்பா அந்த இடைவெளியில் தலையை நுழைத்தார். அவளுடைய காதுக்குப் பக்கத்தில் அவருடைய முகம். இரண்டு பேரும் மூச்சு விடாமல் ஒரே காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் விரலை மடக்கினேன்.