பர்மனென்ட் கேமரா

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். தங்கராசுவை அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. பதினேழு வருஷம் சுரங்கத்தில் கான்ட்ராக்டாக வெயிலில் நின்றவர், போன தையில்தான் பர்மனென்ட் ஆனார். குடை மேல் ஆசை வந்தால் தப்பா? ஆனால் அந்த ஆசை கேமரா வரைக்கும் போனதுதான் வம்பு.

மகள் இசைப்பிரியா ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிக்கு, கல்லூரி ஹாஸ்டலுக்குப் போகிறாள். அதற்குள் அப்பா, அம்மா, அவள் மூன்று பேரும் இருக்கிற படம் ஒன்று வேண்டும் என்றாள். வீட்டில் எந்த விசேஷப் படத்திலும் தங்கராசு இல்லை. கான்ட்ராக்டுக்கு ஏது லீவு? அப்பா எப்படியும் கேமரா வாங்கப் போகிறாரே என்று ஒரு மாதம் நெட்டில் படித்து, ஒரு மாடலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

“லென்ஸும் சேந்தே வரும்ப்பா. கனமில்ல, அம்மாகூட எடுக்கலாம். பிகினருக்குன்னே செஞ்சது.”

“பிகினருன்னா?”

“புதுசா கத்துக்கிறவங்க.”

தங்கராசுவின் முகம் சுண்டிப் போனது. பிகினர் என்றால் அவர் கணக்கில் கான்ட்ராக்ட்.

சனிக்கிழமை புதுச்சேரியில் கடைக்காரர் சீட்டைப் பார்த்து அந்தச் சின்ன கேமராவை எடுத்து வைத்தார். தங்கராசு அதை ஒற்றை விரலால் தள்ளினார். “பெரிய ஆளுங்க எடுக்கிறதா காட்டுங்க.”

அடுத்து வந்தது செங்கல் கனம் கனத்தது. கையில் வாங்கியதுமே மனசு நிறைந்துவிட்டது. “இது பாடி மட்டும்தான் சார். லென்ஸ் உங்ககிட்ட இருக்குமில்ல?” என்றார் கடைக்காரர். பாடி என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பிகினர் என்று தெரிந்துவிடுமே. “பின்ன?” என்றார் தங்கராசு. கொண்டுபோன பணம் மொத்தமும் அதற்கே போனது.

ஞாயிறு காலை மூவரும் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றார்கள். படம் எடுக்கப் பக்கத்து வீட்டு அம்சவல்லி வந்திருந்தாள். இசைப்பிரியா பெட்டியைப் பிரித்து, கேமராவின் மூடியைக் கழற்றினாள். முன்னால் வெறும் ஓட்டை.

“ஏம்ப்பா, லென்ஸ் எங்க?”

மனைவி மலர்கொடி எட்டிப் பார்த்தாள். “உடம்ப மட்டும் தூக்கிக்கினு வந்து, கண்ண கடையிலேயே வுட்டுட்டீங்களா? ஒரு வார்த்த கேக்க வாயில்லியா?”

தங்கராசுவுக்குக் காது சுட்டது. மகள் ஆசைப்பட்டது ஒரே ஒரு படம். அதையும் கெடுத்துவிட்டோமே. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. இசைப்பிரியா கேமராவை அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டு, தன் போனை அம்சவல்லியிடம் நீட்டினாள்.

“எனக்கு இதெல்லாம் புதுசு பாப்பா” என்றபடியே அம்சவல்லி அமுக்கினாள். படம் நன்றாகவே விழுந்தது.

திங்கட்கிழமை, மகள் அனுப்பிய படத்தைத் தங்கராசு கேன்டீனில் எல்லோருக்கும் காட்டினார். “புது கேமராவுல எடுத்தது. பெரிய ஆளுங்க மாடலு.”

பழைய கான்ட்ராக்ட் கூட்டாளி பாவாடை போனை வாங்கி வெகுநேரம் பார்த்தான். “ஏண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? கேமராதான் உன் கழுத்துல தொங்கிக்கினு இருக்குதே. அப்ப இத எதுல எடுத்த?”

கேன்டீனே சிரித்தது. கடைசியில் தங்கராசுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“கேக்கிறான் பாரு” என்றார். “கடைக்கு உன்னக் கூட்டிக்கினு போயிருக்கணும்டா.”