ஏட்டையாவின் பைக்

சோலைச்சாமி இளவயதில் ஒரு வரப்புத் தகராறில் ஓர் அடி அடித்தார். அடி வாங்கியவர் எழுந்திருக்கவே இல்லை. பல வருட ஜெயிலுக்குப் பிறகு ஆளுநரின் மன்னிப்பு வந்தது. மன்னிப்பு வந்ததே தவிர, ஸ்டேஷன் ரவுடிப் பட்டியலில் இருந்த பெயர் போகவில்லை. தாயில்பட்டியில் அம்மன் பொங்கல் வந்தால் போதும், ஏட்டு பாண்டிச்செல்வம் பைக்கில் வந்து அவரைக் கூட்டிப்போய், திருவிழா முடியும்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிடுவார். பட்டாசு செய்கிற ஊரில் வாணவேடிக்கைக்குக் குறைச்சலா? இவருக்கு மட்டும் வருடாவருடம் சத்தம்தான் கிடைத்தது. மனு மேல் மனு போட்டு, சூலக்கரை எஸ்.பி. ஆபீசுக்கு அலையாய் அலைந்து, போன மாதம்தான் பெயரை எடுத்துவிட்டதாக உத்தரவு வந்தது.

அதை நம்பித்தான் மகள் அழகுமீனாவுக்கு வரன் பேசினார்கள். காரியாபட்டி கருப்பணன் குடும்பத்துக்குப் பழைய கதை எல்லாம் தெரியும்.

"நடந்தது நடந்துபோச்சு. இனிமே போலீஸ் மட்டும் வாசலுக்கு வரக்கூடாது" என்றார் கருப்பணன். கேட்டது அது ஒன்றுதான்.

அவர்கள் பூ வைக்க வருகிற நாளும் பொங்கலும் ஒரே நாளில் அமைந்துவிட்டன. சோலைச்சாமிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உத்தரவு மேலே போட்டது, ஏட்டுக்குத் தெரிந்திருக்குமா? பழக்கதோஷத்தில் வந்து நின்றுவிட்டால் பெண்ணின் கல்யாணம் என்னாவது? அவர்கள் வருவதற்குள் நாமே போய்த் தலையைக் காட்டிவிடலாம் என்று, மனைவி யோகேஸ்வரி கேசரி கிண்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நழுவினார். மகா புத்திசாலி!

ஸ்டேஷனில் ஏட்டு மட்டும் இருந்தார்.

"என்ன சோலைச்சாமி, இங்கன வந்து நிக்கிறீக?"

"பொங்கல்லங்கய்யா. உக்காரத்தான்."

"உங்கள யாரு கூப்பிட்டா? பேருதான் எடுத்தாச்சே!"

"இன்னொருக்கப் பாத்துருங்க, ஏட்டையா."

ஏட்டு பார்த்தார். "இல்லய்யா. இல்லவே இல்ல."

சோலைச்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. வழக்கமான பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அட, எந்திரிங்க. கோயில் பந்தோபஸ்துக்குத்தான் போறேன். வீட்ல விட்டுர்றேன்."

சந்தோஷத்தில் யோசிக்காமல் பைக்கில் ஏறிவிட்டார். தெருமுனை திரும்பும்போதுதான் உறைத்தது. வாசலில் காரியாபட்டி வேன் நின்றது. அப்போதுதான் இறங்கிய கருப்பணன் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டார். வாசலில் நின்ற யோகேஸ்வரிக்கு முகமே செத்துப்போயிற்று.

"என்னங்க, போலீஸ் வாசலுக்கு வராதுன்னு சொன்னீகளே?" என்றார் கருப்பணன்.

சோலைச்சாமிக்குப் பொய் வரவில்லை.

"வருசாவருசம் இன்னைக்கு வந்து என்னையக் கூட்டிட்டுப் போனது இவுகதான். இந்த வருசம் கொண்டாந்து விட்டுட்டுப் போறாக."

கருப்பணன் ஏட்டைப் பார்த்தார்.

"பேர எடுத்தாச்சுங்க. உத்தரவு வந்தும் நம்பாம ஸ்டேஷனுக்கு வந்து உக்காந்துட்டாரு மனுசன்" என்றார் ஏட்டு.

முதலில் சிரித்தது கருப்பணனின் மனைவி செல்லத்தாய்தான்.

"கூட்டிட்டுப் போனவுகளே கொண்டாந்து விட்டாச்சு. பெறகென்ன? ஏட்டையா, கேசரி சாப்பிட்டுத்தான் நீங்க போகணும்."

கருப்பணனும் சிரித்துவிட்டார். அழகுமீனாவின் தலையில் பூ ஏறியது.

அன்றைக்கு வாணவேடிக்கையைச் சோலைச்சாமி சம்பந்தியோடு நின்று பார்த்தார். இத்தனை வருடம் காதால் கேட்ட சத்தத்துக்கெல்லாம் இவ்வளவு நிறம் இருந்திருக்கிறது.