சுவர்ப் பக்கம் திருப்பிய படம்

மாக்டெல்ட் கறுப்புச் சாயத்துக்காகப் புகைக்கரியை ஆளி விதை எண்ணெய் விட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். சுவரோடு பதித்த கட்டிலில் சாய்ந்தபடி அப்பா யூரியான், தான் வரைந்த கடற்போர்ப் படத்தையே பார்த்திருந்தார். எதிரே பவெல்ஸ் நின்றான். படத்தைச் செய்யச் சொன்ன கேப்டனின் மச்சான், பாலாடைக்கட்டி வியாபாரி.

"அந்த எரியற கப்பல் வேண்டாம் ஐயா. பாக்கறவங்க, கேப்டன் ஏன் உதவிக்குப் போகலன்னு கேப்பாங்க. அவரோட பீரங்கிப் புகையை அந்தப் பக்கம் தள்ளி மூடிடுங்க."

"அன்னிக்கு மேற்கேயிருந்து அடிச்ச மேல்காத்து, தம்பி. புகை கிழக்கேதான் போகும். எரியற கப்பல் மேற்கே நிக்குது."

"கொஞ்சம் புகைதானே."

"உங்க பாலாடைக்கட்டிக்குக் காத்து வேண்டாம். கப்பலுக்கு வேணும்."

பதினைந்து நாளாக இதே பேச்சு. எரிந்த கப்பலில் மாக்டெல்ட்டின் தம்பி ஃப்ளோரிஸ் இருந்தான். கேப்டன் அதை விட்டு விலகிப் போனதை அப்பா கண்ணால் பார்த்தார். ஆங்கிலேயரோடு நடந்த அந்தச் சண்டையைச் சின்னப் படகில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்தவில்லை. "ஃப்ளோரிஸைப் பாத்தீங்களாப்பா?" என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, "மேல்காத்து பலமா இருந்துச்சு" என்றார். அதை அவள் மன்னிக்கவில்லை. ஃப்ளோரிஸுக்குக் கல்லறை கிடையாது. அந்தப் படத்தில் விரலளவு நெருப்பு இருந்தது, அவ்வளவுதான்.

நண்பகலில் மோர்க்கஞ்சி கொண்டுபோனபோது அப்பா இறந்திருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, வழக்கப்படி கண்ணாடியையும் படங்களையும் சுவர்ப் பக்கம் திருப்பினார்கள். கடற்போரையும்தான். மாலையில் பவெல்ஸ் தொப்பியைக் கழற்றி ஜெபம் சொன்னான். பிறகு அந்தப் படத்தை மட்டும் தானே இந்தப் பக்கம் திருப்பினான்.

"வெள்ளிக்கிழமை ராட்டர்டாம்ல கேப்டன் வீட்டு விருந்து. உனக்குத்தான் அப்பா கை அப்படியே இருக்கே. நீ செய்யலேன்னா வேற ஆள் செய்வான். அவன் அந்தக் கப்பலையே சுரண்டி எடுத்துடுவான்."

"செஞ்சு குடுத்துடுடி," என்றாள் அம்மா. "சண்டை போட இனிமே யார் இருக்கா."

மாக்டெல்ட் எதையும் சுரண்டவில்லை. வெள்ளையும் கரியும் கலந்து முதலில் பாய்மரங்களை மூடினாள், பிறகு தளத்தை. நெருப்பைக் கடைசியில் மூடினாள். கட்டிலில் அப்பாவின் தாடையைக் கட்டிய துணியை அம்மா மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

விருந்தில் கேப்டனின் மனைவி, புகை தத்ரூபமாக இருக்கிறது என்றாளாம். படம் இன்னும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. எல்லாக் கப்பல்களின் கொடிகளும் கிழக்கே பறக்கின்றன. புகை மேற்கே போகிறது.