சின்னக் கவர்

அண்ணனின் ஓட்டு என் மேஜைக்கே வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை. ஓட்டு எண்ணும் கூடத்தில் பன்னிரண்டு மேஜைகள், ஆயிரத்துச் சொச்சம் தபால் ஓட்டுகள். கட்டிலிருந்து அடுத்த கவரை எடுத்தபோது, வாய்ப்பக்கம் கோணலாக ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. ஒட்டியவள் நான்தான். பின்பக்கம் அனுப்புநர் பெயர், அண்ணனின் இடது கை எழுத்தில், மேலே ஏறிக்கொண்டே போயிருந்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடம் ஊரை மேலே ஏற்றி இறக்கியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்ததிலிருந்து எங்கள் வீட்டு வாசலின் மூன்று படிகளை இறங்க முடியவில்லை. அவருக்கென்று குடும்பம் கிடையாது, நான்தான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு இன்னும் பாப்பா. தபால் ஓட்டுக்கு எழுதிப் போட்ட அன்றே இடது கையால் கையெழுத்துப் பழக ஆரம்பித்தார். கைரேகை வைத்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். முறைத்தார். பத்தொன்பது நாள், கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் அவர் பெயர்தான். கடைசி எழுத்து மட்டும் பிடிகொடுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

ஓட்டுப் போட்ட ஞாயிற்றுக்கிழமை டிவியில் கருத்துக்கணிப்பு. எங்கள் தொகுதியின் முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்று ஒருவர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் நான் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு ஓட்டுச் சீட்டில் குறி போட்டார். பிறகு உறுதிமொழிப் படிவத்தில், ஓட்டுப் போட்டது நான்தான் என்று மூச்சைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு டிவியைப் பார்த்தார்.

"நான் இன்னும் கவரையே ஒட்டல. அதுக்குள்ள எப்படி பாப்பா முடிஞ்சுது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் அப்படிப் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே இரண்டு தாளையும் ஒன்றாக மடித்துச் சின்னக் கவருக்குள் போட்டு ஒட்டி, அதைப் பெரிய கவருக்குள் வைத்தேன். சின்னக் கவருக்குள் சீட்டு மட்டும், படிவம் அதற்கு வெளியே என்பதுதான் விதி. அந்த வாரம் முழுக்கத் தேர்தல் அலுவலகத்துக்கு வந்தவர்களிடம் தொண்டை வற்ற இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது பெரிய கவரைப் பிரித்தேன். சின்னக் கவர் மட்டும் வந்தது. உள்ளே கையை விட்டுத் துழாவினேன், கவிழ்த்து உதறினேன். சின்னக் கவரை விரலால் அழுத்தியபோது உள்ளே படிவத்தின் தடித்த மடிப்பு தட்டுப்பட்டது. அந்த ஞாயிறும் அந்தச் சிரிப்பும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. படிவம் இல்லாமல் சின்னக் கவரைத் திறக்கக் கூடாது. ஒரு நகம் போதும், ஓரத்தைக் கிழித்துவிடலாம். பக்கத்து மேஜைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார். கெட்டவர் இல்லை, பசியில் இருந்தார்.

"என்னம்மா, இதுக்குப் போய் இவ்ளோ யோசனை? டிவில ஜெயிச்சவர் பேரச் சொல்லி ரெண்டு மணி நேரம் ஆச்சு. இது எதையும் மாத்தப் போறதில்ல."

அவர் சொன்னது சரிதான். அது எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. இது என் அண்ணனுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னாலும் விதி விதிதான். சிவப்புப் பேனாவை எடுத்து, 'உறுதிமொழி இல்லை' என்று கவரின் மேல் எழுதி, செல்லாத ஓட்டுகளின் தட்டில் வைத்தேன். பேனா கசிந்து கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சட்டை மாற்றி, தலைசீவி, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். யார் ஜெயித்தது என்ற பேச்சே எடுக்கவில்லை.

"என்னோடது வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. என் கையாலதான் எடுத்தேன்."

அது பொய்யில்லை. அவர் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்தபிறகு மிச்சத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கையைக் கழுவப் போகிறவள் போல எழுந்தேன். அதற்குள் எங்கள் தொகுதியின் எண்கள் வந்துவிட்டன. தோற்றவருக்குப் பதினெட்டாயிரத்து நானூற்று ஏழு. அண்ணன் இடது கையை நீட்டி அந்தக் கடைசி எண்ணைக் காட்டினார்.

"யாருக்குப் போட்டேன்னு சொல்லக் கூடாதுதான். ஆனா அந்த ஏழுல ஒண்ணு நான்."

கீழே இன்னொரு வரி ஓடியது. செல்லாத தபால் ஓட்டுகள் முப்பத்தொன்று. அதையும் நிதானமாகப் படித்தார்.

"முப்பத்தோரு பேரு. பாவம் பாப்பா. எடுத்துச் சொல்ல வீட்ல ஆளில்ல போல."

நான் "அண்ணே" என்றேன். அவர் காதில் விழவில்லை. அடுத்த முறை கடைசி எழுத்து நேராக நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஒரு காலண்டர் தாளை மடியில் போட்டு எழுத ஆரம்பித்தார். தாள் நழுவியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, சிவப்பு மை ஒட்டிய கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் பெயர் மெல்ல மெல்ல மேலே ஏறி, என் விரலை நோக்கி வந்துகொண்டிருந்தது.