கடைசி நிப்பிளில் மஞ்சள் பொட்டலம்

ஹுவாலியன் ஆற்றங்கரையில் சுவாங் முதலாளியின் ஜல்லி யார்டில் ஒன்பது டிப்பர் லாரிகள். ஒன்பதுக்கும் கிரீஸ் அடிப்பது, ஆயில் மாற்றுவது, போல்ட் முடுக்குவது எல்லாம் பாவ்சூவின் வேலை. பதினாறு வருடமாக அவள் லாரிக்கு அடியில்தான் குடித்தனம் நடத்துகிறாள் என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள்.

புது வருடம் முடிந்து யார்டு திறந்ததும் முதலாளி ஒரு அட்டை அச்சடித்தார். திங்கள்கிழமை காலையில் டிரைவரே தன் லாரிக்கு கிரீஸ் அடித்துவிட்டு, கிரீஸ் ஏற்றும் குமிழ்களான இருபத்தெட்டு நிப்பிளுக்கும் அட்டையில் டிக் போட வேண்டும். டிக்குகள் தவறாமல் விழுந்தன. லாரிகளும் ஒரு முனகல் இல்லாமல் ஓடின. மூன்று மாதம் பார்த்துவிட்டு முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் அவங்கவங்களே பாத்துக்கறாங்க பாவ்சூ. இந்த மாசக் கடைசியோட நீ நின்னுக்கோ. கோவிச்சுக்காத."

டிக் போட்டவர்களில் ஒருத்தன்கூட முழுசாக அடியில் ஊர்ந்ததில்லை. கைக்கு எட்டிய இடத்தில் நாலு அடி அடித்துவிட்டுப் பாக்கு வாங்கப் போய்விடுவார்கள். விட்டுப்போனதையெல்லாம் சனிக்கிழமைதோறும் அவள்தான் சத்தமில்லாமல் அடித்துவந்தாள். காய்ந்த இரும்பு கிறீச்சிட்டால் அவளுக்குப் பல் கூசும். அந்த நல்ல மனசே இப்போது வேலைக்கு உலை வைத்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? அட்டையில்தான் டிக் இருக்கிறதே.

அவர்களில் மகா கள்ளன் சின்ஃபா. லாரியைக் கழுவுகிறானோ இல்லையோ, முன்கண்ணாடி ஓரத்தில் பச்சைப் பொட்டலம் மட்டும் எப்போதும் புதுசாக இருக்கும். உள்ளே தேங்காய் வாசனைச் சோளப் பொரி. அது பக்கத்தில் இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பிரித்துத் தின்னக் கூடாது, தேதி தாண்டவும் விடக் கூடாது. அதே பொரி மஞ்சள் பொட்டலத்திலும் வரும். அதை லாரிக்குள் கொண்டுவர ஒருத்தனும் துணிய மாட்டான், இயந்திரம் படுத்துவிடும். பாவ்சூ தனக்குள் சிரித்துக்கொண்டே போய் ஒரு மஞ்சள் பொட்டலம் வாங்கினாள்.

கடைசி நிப்பிள் இரண்டு பின் அச்சுகளுக்கும் நடுவில், மல்லாந்து படுத்தால்தான் தெரியும். சனிக்கிழமை சின்ஃபாவின் லாரியில் வழக்கம்போல அங்கே கிரீஸ் அடித்தாள். பொட்டலத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, பக்கத்திலேயே கம்பியால் கட்டினாள். மூன்று திங்கள்கிழமைகள் போயின. மூன்றிலும் டிக் விழுந்தது. நாலாவது திங்களில், எல்லாரும் டீ குடிக்கும்போது, முதலாளி காதுபடக் கேட்டாள்.

"சின்ஃபா, கடைசி நிப்பிள் வரைக்கும் அடிச்சியா?"

"அடிக்காமயா? கையப் பாருங்கக்கா."

"அங்க ஒரு பொட்டலம் கட்டியிருந்தேனே, பாத்தியா?"

அவன் ஒரு நொடிதான் திணறினான். "பச்சப் பொட்டலம்தானே? வாராவாரம் கும்பிட்டுட்டுத்தான் வெளிய வரேன். உங்களுக்கு நல்ல மனசுக்கா."

"கழட்டிட்டு வா. தேதி பாத்துடலாம்."

சின்ஃபா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே ஊர்ந்தான். பிறகு ஓர் அலறலும், தலை இரும்பில் இடித்த சத்தமும் கேட்டன. செத்த எலியைத் தூக்குவதுபோல் பொட்டலத்தை நுனிவிரலில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மூணு வாரமா அங்கதான் இருக்கு," என்றாள் பாவ்சூ.

"இதோடயா நான் ஜல்லிய ஏத்திக்கிட்டு மலை எறங்கினேன்?" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தங்கள் லாரியின் அடிப்பக்கம் திருட்டுப் பார்வை பார்த்தார்கள். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை, முகம் வெளுத்துவிட்டது.

"என் வண்டியில மஞ்சளக் கட்டினியா? மாசக் கடைசியெல்லாம் வேணாம், இன்னிக்கே கெளம்பு."

பாவ்சூவுக்குச் சுர்ரென்று ஏறியது. "கட்டினேன். வண்டி எங்கயாவது நின்னுச்சா? மொனகுச்சா? இவன் அடிக்கல, சனிக்கிழமையானா நான்தான் அடிச்சேன், ஒம்பது வண்டிக்கும். நம்பலன்னா ரெண்டு வாரம் அடிக்காம விடறேன், நீங்களே ஏறி ஓட்டிப் பாருங்க."

முதலாளி பொட்டலத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். அவர் புத்தி வேறு பக்கம் ஓடியது. மஞ்சளையே அடக்கி வைத்திருக்கிறது என்றால் இந்தக் கையில் என்னவோ இருக்கிறது.

"நீ எங்கயும் போக வேணாம்," என்றார் பவ்யமாக.

கையில் ஒன்றுமில்லை, எல்லாம் கிரீஸ்தான் என்று சொல்ல வாயெடுத்தவள், வேண்டாமென்று மூடிக்கொண்டாள். வேலை தங்கியதே, அது போதும்.

மறுநாள் காலை சின்ஃபா தயங்கித் தயங்கி வந்தான். பின்னால் மற்ற எட்டுப் பேரும் நின்றார்கள்.

"அக்கா, உங்க பழைய கையுறை ஒண்ணு கெடைக்குமா? நல்லா கிரீஸ் பட்டதா. கண்ணாடி முன்னாடி தொங்கவிடத்தான்."

"தரேன்," என்றாள் பாவ்சூ. "ஆனா தொங்கவிட்டா பலிக்காது. கையில மாட்டிக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்தாதான் பலிக்கும்."