மூன்று ஓலைகளுக்காக நிறுத்திய மருந்து

என் மகள் அமலராணிக்கு ஆஸ்துமா என்கிற இளைப்பு உண்டு. இரும்புலியூரில் பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் இருபத்து மூன்று வருடம் அதை மறைத்து வந்தவன் நான்.

தாம்பரத்து டாக்டர் ரமா ஒரு வருடமாக அவளுக்குக் குரோமோகிளைகேட் என்ற மருந்து கொடுத்துவந்தார். வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். உடம்பில் சில அணுக்கள் பட்டாசுக் கட்டு போல; தூசியோ புகையோ பட்டால் வெடித்து மூச்சுக்குழலை இறுக்கிவிடும். இந்த மருந்து திரியை நனைத்து வைக்கும், வெடித்த பிறகு உதவாது, நன்றாக இருக்கும்போதும் விடக்கூடாது என்றார். இழுப்பு வந்துவிட்டால் மூச்சைத் திறக்க வேறொரு பம்ப்பும் கொடுத்திருந்தார்.

1998 ஜனவரியில் கலியாணம் நிச்சயமாயிற்று. எங்கள் மாதா கோவிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கலியாண அறிவிப்பு, வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம். அந்த வாரங்களில் மாப்பிள்ளை வீட்டார் வந்து போவார்கள் என்று மருந்தை பீரோவில் பூட்டினேன். ஒரு வருடமாக இழுப்பே இல்லை, மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடும் என்றேன். டாக்டரை ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாள் என் மனைவி பேபி. நான் கேட்கவில்லை. அமலராணி என் பேச்சைத் தட்டாத பிள்ளை.

இரண்டு ஓலை முடிந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. பார்த்தாயா என்று பேபியிடம் இரண்டு முறை சொன்னேன்.

மூன்றாம் ஞாயிறு பாடல் பூசை. சாம்பிராணிப் புகை எழுந்தது. ஓலை வாசிக்கும்போது பெண்கள் பக்கத்தில் அவள் தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பேபி அவளை வெளியே தாழ்வாரத்துக்கு நடத்திப் போய், எனக்குத் தெரியாமல் கைப்பையில் வைத்திருந்த அந்த பம்ப்பை எடுத்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சு கொஞ்சம் இறங்கியிருந்தது.

பின்னாலேயே மாப்பிள்ளையின் அப்பா சவுரிமுத்து வந்தார். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர்.

"இன்னா சார் இது?"

புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டிருக்கலாம். பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது.

"இளைப்பு. சின்ன வயசிலேர்ந்து இருக்கு. மருந்துல கட்டுக்குள்ள இருந்தா. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் நிறுத்தினேன்."

முதுகை நிமிர்த்தியேதான் சொன்னேன். குனிந்து சொன்னால் என் மகளுக்கு இழுக்கு.

அவர் அமலராணி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு நாளிக்கு எத்தினி தபாம்மா அந்த மருந்து?"

"நாலு, மாமா."

"நம்ம வூட்ல காப்பியே அஞ்சு தபா. இது இன்னா பெரிய விசயம். உங்கப்பா பேச்ச மட்டும் கேக்காத."

மறுநாள் டாக்டரிடம் அவரும் வந்தார். அவர் எதிரிலேயே டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். கேட்டுக்கொண்டேன். மருந்து மறுபடி பிடிக்கச் சில வாரமாகும் என்றார்.

வெளியே வந்ததும் சவுரிமுத்து, அடுத்து தவக்காலம், அதில் கலியாணம் வைக்க முடியாது, ஈஸ்டர் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார். பத்திரிகை அச்சாகிவிட்டதே என்றேன்.

"பத்திரிக வேற அடிச்சிக்கலாம், சம்பந்தி. பொண்ணு மொதல்ல நல்லா மூச்சு வுடட்டும்."