நாற்காலிக் குழு

கோடு தலைகீழாக வந்திருந்தது. கணினித் திரையில் நீலக்கோடு தண்ணீரில் இறங்கியவர்களுக்கு, சிவப்புக்கோடு இறங்காதவர்களுக்கு. நியாயமாக நீலம் மேலே ஏறியிருக்க வேண்டும். அதுவோ ஞாயிற்றுக்கிழமை மதியத்துச் சோம்பேறி மாதிரி படுத்துக் கிடந்தது. சிவப்பு என்னடாவென்றால் குதியாட்டம் போட்டுக்கொண்டு உச்சிக்குப் போயிருந்தது. நிறத்தைத்தான் மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று ஆராய்ச்சிக்காரி திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். ம்ஹூம். நீந்தியவர்களைவிட, நீந்தாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் சந்தோஷமாக இருந்தார்கள்.

“அடக் கடவுளே!” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

நீச்சலும் உடல்நலமும் பற்றி உலகத்தில் யார் என்ன எழுதினாலும் விடாமல் படிக்கிறவள் அவள். அவள் படிக்கத் தொடங்கிய காலத்தில் கட்டுரைகள் எல்லாம் இதயத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு முட்டிக்கும் முதுகுக்கும் யோகம் அடித்தது. இப்போது எங்கே திரும்பினாலும் மனசு, மனசு, மனசு. சரி, நாமும் மனசையே பிடிப்போம் என்று பணி ஓய்வு பெற்றவர்களாகப் பார்த்துச் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரைத் தண்ணீரில் இறக்கினாள். மீதிப் பேரை என்ன செய்வது? அதே இடம், அதே நேரம். தண்ணீர் ஒன்றுதான் வித்தியாசமாக இருக்க வேண்டும், அதுதான் ஆராய்ச்சி தர்மம். ஆகவே நீச்சல் குளத்தின் ஓரத்திலேயே வரிசையாக நாற்காலி போட்டு அவர்களை உட்கார வைத்தாள்.

அந்தக் குலுக்கலில் அவளுக்கு ஒரு சொந்த வருத்தமும் இருந்தது. மாமனார் போனதிலிருந்து மாமியார் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார். சாப்பிட்டீர்களா என்றால் “ம்”. தூங்கினீர்களா என்றால் “ம்”. அந்த மனிதரின் பெயரைக்கூட எடுப்பதில்லை. கலகலவென்று வீட்டை ஆண்ட மனுஷி இப்படி முடங்கிக் கிடந்தார். தண்ணீரில் இறங்கினாலாவது தேறுவாரே என்று கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டாள். சீட்டில் வந்ததோ நாற்காலி! சொந்தக்காரர் என்பதற்காக மாற்றினால் ஆராய்ச்சி என்ன ஆவது? பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

தன் ஆசை முடிவைக் கெடுத்துவிடக் கூடாதே என்று அவள் குளத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. நடத்துவதெல்லாம் பயிற்சியாளர்தான். மனசு எப்படி இருக்கிறது என்று வாராவாரம் கேட்கும் கேள்வித்தாளுக்கு வந்த பெயர் இல்லாத பதில்கள் மட்டும் அவள் மேசைக்கு வரும். வீட்டிலும் நீச்சல் பேச்சுக்குத் தடை. மாமியார் கொஞ்ச நாளாகப் பாத்திரம் துலக்கும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்வதைக் கவனித்தவள், எல்லாம் புது டீத்தூளின் மகிமை என்று நினைத்து இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கி வைத்தாள். படித்த மூளை!

துறைத்தலைவருக்குக் கோட்டைப் பார்த்ததும் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. “என்னம்மா இது? நீந்தினா மனசு நல்லாகும்னு பேசத்தானே மாநாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க? அந்த நாற்காலியிலதான் ஏதோ கோளாறு. மிச்சம் இருக்கற வாரத்துக்கு அந்தக் கூட்டத்த உள்ள ஒரு ரூம்ல போட்டுக் கதவச் சாத்து. கிளம்பு, நானும் வரேன்.”

குளத்துக் கதவைத் திறந்ததும் சிரிப்புச் சத்தம் காதை அடைத்தது. நடு நாற்காலியில் மாமியார். கையில் துண்டைச் சுருட்டி மைக் மாதிரி பிடித்திருந்தார்.

“இதோ வர்றார் நம்ம ஜட்ஜ் ஐயா! கரை எங்க, கரை எங்கன்னு தேடறார். கரை அங்கேயேதான் இருக்கு ஐயா, தலைமறைவாகல! அடுத்து பேங்க் மேனேஜர். அந்த உதையப் பாருங்க, கடன் கேட்டு வந்தவன விரட்டற மாதிரி இல்ல உதைக்கறார்!”

நாற்காலிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. தண்ணீரில் ஓய்வுபெற்ற நீதிபதி முறைக்கப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மேனேஜர் கடுகடுவென்று திரும்பினார். நீலக்கோடு ஏன் படுத்துக் கிடந்தது என்பது ஆராய்ச்சிக்காரிக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்படத்தான் தோன்றவில்லை. இந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

மருமகளைக் கண்டதும் மாமியார் துண்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“எல்லாரும் எழுந்திரிங்க. இனிமே உள்ள ரூம்லதான் உட்காரணும்” என்றார் துறைத்தலைவர்.

“ம்” என்றார் மாமியார்.

அதே பழைய “ம்”. எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். மருமகளுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் நாற்காலியைப் பிடுங்கி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“இது இங்கதான் இருக்கும் சார். என்ன வந்துச்சோ அத அப்படியே எழுதறேன். மாநாட்டுலயும் அதையே சொல்றேன்.”

“மானம் போயிடும்மா!”

“போகட்டும் சார். எங்க அத்தை சிரிக்கறாங்க.”

தண்ணீருக்குள்ளிருந்து நீதிபதி கையைத் தூக்கினார். “நாற்காலி இங்கயே இருக்கட்டும், நான் ஒத்துக்கறேன். ஆனா ஒரு நிபந்தனை. எல்லாம் முடிஞ்சதும் அவங்க தண்ணியில இறங்கணும், நாங்க நாற்காலியில உட்காரணும்!”

நீந்துகிற கூட்டம் முதல்முறையாகக் கைதட்டி ஆரவாரம் செய்தது. துறைத்தலைவர் தொப்பென்று காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். நீந்துகிறவர்களை உம்மென்று பார்த்தவர் மெல்ல மாமியார் பக்கம் சாய்ந்தார். “ஏங்க, அந்த மேனேஜர் மூச்ச எங்க விடறார், காதுலயா?”

மாநாட்டில் அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அரங்கமே சிரித்தது. அடுத்த ஆராய்ச்சி நாற்காலியைப் பற்றித்தான் என்று துறைத்தலைவர் என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி அறிவித்துவிட்டு வந்தார்.

இடம் மாறும் நாளும் வந்தது. நீதிபதி முன்வரிசையில் துண்டைச் சுருட்டிக்கொண்டு தயாராக இருந்தார். படிக்கட்டில் நின்ற மாமியார் திரும்பிப் பார்த்தார்.

“நீயும் வா. நீ வராம நான் எறங்க மாட்டேன்.”

நீச்சல் கட்டுரைகளைக் கரைத்துக் குடித்தவள் அதுவரை குளத்தில் கணுக்காலைக்கூட நனைத்ததில்லை. “எனக்குப் பயமா இருக்கு அத்தை.”

“எனக்கு மட்டும் என்னவாம்? வாடி.”

உடுத்திய துணியோடு அவள் இறங்கினாள். கையைக் கோத்துக்கொண்டு இரண்டடி வைத்ததும் வழுக்கி, இருவரும் ஒன்றாக முங்கி, ஒன்றாகத் தண்ணீர் குடித்து, ஒன்றாக எழுந்தார்கள்.

“மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்துல ஒரே முடிவுக்கு வந்தது சரித்திரத்துலயே இதான் முதல் தடவை!” என்று நீதிபதி முழங்கினார். நாற்காலிகள் அதிர்ந்தன.

மாமியார் இருமிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

“உங்க மாமா மட்டும் இருந்திருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார். அந்த நாற்காலியோட சேர்ந்து தண்ணிக்குள்ள விழுந்திருப்பார், அந்த மனுஷன்.”

மருமகள் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவ முங்குவோமா?” என்றார் மாமியார்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.